மூன்றாம் மாடியில் இறங்கியவர்

லிஃப்ட்காரர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று விசாரணைக் குழுவின் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, அவர் தன் வீட்டுக் கூடத்தின் தரைக்குள் கணுக்கால் வரை இறங்கினார். வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. ஜன்னலோரம் நின்று கடிதத்தை இரண்டாம் முறையாகப் படித்து முடித்தவர், நகரலாம் என்று காலைத் தூக்கப் பார்த்தார், கால் வரவில்லை. தரை ஓடு உடையவில்லை, சிமெண்ட் விரியவில்லை. கணுக்காலைச் சுற்றித் தரை, சட்டைக் கழுத்துக்குப் பட்டி வைத்துத் தைத்த மாதிரி கச்சிதமாகப் பிடித்திருந்தது. சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்த மனைவி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னங்க, குள்ளமாயிட்ட மாதிரி இருக்கீங்க?" என்றாள். "இறங்கிட்டேன் போலிருக்கு" என்றார் அவர். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் இருபத்திரண்டு வருடங்களாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். அதில் பத்தொன்பது வருடம் ஒரே கூட்டாளியோடு வேலை செய்தார். ஒருவர் கீழே இயந்திரத்தைப் பார்த்தால் மற்றவர் மேலே லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நிற்பார். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகத்தில் பிரேக்கின் உள்ளே இருந்த ஸ்பிரிங் அறுந்தது. கூண்டின் தலையில் அன்று நின்றது கூட்டாளி. ஸ்பிரிங்கின் வயிற்றுக்குள் தலைமுடி மெலிவில் ஒரு கீறல், தொழிற்சாலையில் செய்தபோதே விழுந்தது, வெளியிலிருந்து எந்தக் கண்ணுக்கும் தெரிந்திருக்காது என்று விசாரணைக் குழு எழுதியிருந்தது. விசாரணை நடந்த மாதங்களில் லிஃப்ட்காரர் மற்ற மனிதர்களைப் போலத் தரைக்கு மேலேதான் நடமாடினார். தவறில்லை என்று தெரிந்த பிறகுதான் இறங்கினார்.

அவர் மனைவிக்குக் கட்டடத்தில் ஏழுகம்பி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை வாக்காளர் பட்டியலில் தேடினால் கிடைக்கும். ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மாலை வேளைகளில் வாசிக்கும் மூன்று பேர் குழுவில் அவள் கிட்டார். அடித்தொனிக்கான பேஸ் கிட்டார் வாசித்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும், புது ஆள் தேடுவதைவிட நானே அடிக்கம்பியையும் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆறு கம்பிக் கிட்டாரை விட்டு ஏழு கம்பிக் கிட்டாருக்கு மாறினாள். அவள் கை அப்படி. விரித்தால் விசிறி. கூட்டாளி இறந்ததிலிருந்து வீட்டில் அவள் கிட்டாரைத் தொடவில்லை. புருஷன் அப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது கம்பியை மீட்டக் கை வரவில்லை. ஹோட்டலில் வாசித்துவிட்டு உறையை மூடினால் மறுநாள் அங்கே போய்த்தான் திறப்பாள்.

முதல் வாரம் மைத்துனர்கள் நாலு பேர் வந்து இழுத்துப் பார்த்தார்கள். "விடுங்கடா, தோள்பட்டைதான் கழண்டு வரும்" என்று லிஃப்ட்காரர் சொன்ன பிறகு விட்டார்கள். மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர் சுத்தியலும் டார்ச்சுமாக வந்து தரையை நாலா பக்கமும் தட்டிக் கேட்டார். "கான்கிரீட் நல்லாத்தான் இருக்கு. ஆள்தான் சரியில்ல" என்று சொல்லி, அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இறக்கம் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தூங்கும்போது முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டார். ஏழுகம்பி தட்டை முதலில் மேஜை மேல் வைத்துக் கொடுத்தாள், பிறகு ஸ்டூல் மேல், பிறகு தரையில்.

ஆறாம் நாள் அவருடைய உள்ளங்கால்கள் இரண்டாம் மாடியில் குடியிருந்த தையல்காரியின் கூரையில் தெரிந்தன. தையல்காரி தனிக்கட்டை, அறை முழுக்கத் துணி, நடுவில் மிஷின், மிஷினுக்கு நேர் மேலே இந்தப் பாதங்கள். அவள் கத்தவில்லை. மிஷினை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டு மேலே வந்து கதவைத் தட்டி, "அக்கா, அண்ணனுக்குப் பாதத்துல வெடிப்பு இருக்கு, எண்ணெய் தடவட்டுமா?" என்று கேட்டாள். குளிர் தொடங்கியதும் கம்பளி உறை தைத்து மாட்டிவிட்டாள். தினமும் காலையில் ஸ்டூல் மேல் ஏறி, கூரை தொடும் இடத்தில் அவர் காலில் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். அன்றைய கணக்கு அதுதான். மூன்றாம் வாரம் முழங்கால் வந்தது. ஏழாம் வாரம் இடுப்பு வந்தபோது அவள் தலை அவர் காலில் இடிக்கத் தொடங்கியது. இடித்தால் "மன்னிச்சுக்கோங்கண்ணா" என்பாள், மேலேயிருந்து "பரவால்லம்மா" என்று குரல் கேட்கும். மற்ற அவசியங்கள் எப்படி நடந்தன என்பதைப் பற்றிக் கட்டடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. தையல்காரி கூரையிலிருந்து வட்டமாக ஒரு திரை தைத்துத் தொங்கவிட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இடுப்பு வரை இறங்கியவரை விட்டுவிட்டு மாலையில் வெளியே போக முடியாமல் ஏழுகம்பி ஹோட்டலுக்கு விடுப்பு சொன்னாள். கம்பி அழுத்தி விரல்நுனியில் ஏறியிருந்த காய்ப்பு உரிந்து மிருதுவாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம், அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த நேரம், பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று கூடத்தில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்தாள். ஐந்தாம் கம்பியையும் நான்காம் கம்பியையும் ஒரு ஸ்வரம் ஏற்றினாள். மற்ற ஐந்தும் இருந்த இடத்திலேயே இருந்தன. அப்படி வைத்தால் அது திறந்த இ மைனர் என்ற சோகச் சுருதி. அதாவது கம்பியில் ஒரு விரலும் வைக்காமல் மொத்தத்தையும் ஒரு இழு இழுத்தால் முழுக் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு ஒன்று, தானாகப் பேசும். அதில் ஆறு கம்பிகள் திடமான ஸ்வரங்கள். நடுவே மூன்றாவது கம்பி மட்டும் அரை ஸ்வரம் தாழ்ந்து நிற்கும். மனதைப் பிசைவது அந்த ஒன்றுதான்.

அவள் ஒரு முறை இழுத்தாள். கீழேயிருந்து அளவுகோலால் கூரையை டொக் டொக்கென்று இடிக்கும் சத்தம். பிறகு ஜன்னல் வழியே தையல்காரியின் குரல்: "அக்கா! காலு மேல போச்சுக்கா! கோடு ரெண்டு விரல் மேல போச்சு!" ஓசை அடங்கியதும், "ஐயோ, திரும்ப வந்துடுச்சு" என்றது அதே குரல்.

அன்றிலிருந்து மத்தியானம் இரண்டு மணிக்கு அது ஒரு வேலையாயிற்று. மேலே ஒருத்தி சுருதி மாற்றுவாள், கீழே ஒருத்தி கோடு பார்ப்பாள். ஜி மைனர் ஒரு விரற்கடை. இ மைனர் இரண்டு. எல்லாக் கம்பியையும் இன்னும் தளர்த்தி டி மைனர் வைத்தால் மூன்று. சி மைனர் வைக்கும்போது அடிக்கம்பிகள் தொய்ந்து பலகையில் அடித்தன, ஆனாலும் நாலு விரற்கடை. சுருதி இறங்க இறங்க ஆள் மேலே வந்தார். ஆனால் ஓசை இருக்கும்வரைக்கும்தான் வந்தார். அடங்கியதும் பழைய கோட்டுக்கே போய்விட்டார், அன்றைய ஒரு விரற்கடையையும் சேர்த்துக்கொண்டு. லிஃப்ட்காரர் தான் தூக்கி இறக்கப்படுவதை, வேறு யாரோ ஓட்டும் லிஃப்டுக்குள் நிற்பவர் போலப் பொறுத்துக்கொண்டார்.

கட்டடத்துச் சங்கத்தின் செயலாளர் ஒரு நாள் படியேறி வந்தார். நல்ல மனுஷர், எதிலும் ஒரு யோசனை சொல்லாமல் இருக்க முடியாதவர். "ஏம்மா, எப்பப் பாரு இழவு விழுந்த வீடு மாதிரியே வாசிக்கிறியே. சந்தோஷமா ஒண்ணு வாசி, மனுஷன் துள்ளிக்கிட்டு மேல வரப்போறாரு" என்றார். இத்தனை நாளில் அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. மூன்றாவது கம்பியை அரை ஸ்வரம் ஏற்றினால் போதும், மைனர் மேஜராகிவிடும், மழை விட்டு வெயில் அடித்த மாதிரி இருக்கும். ஏற்றினாள். இழுத்தாள். லிஃப்ட்காரர் ஒரே மூச்சில் எட்டு விரற்கடை கீழே போனார். தரை அவர் நெஞ்சைப் பிடித்தது. கீழே தையல்காரி அலறினாள். செயலாளர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏழுகம்பி கம்பிகளைக் கையால் பொத்தி ஓசையை அணைத்தாள். இந்த முறை அவர் பழைய கோட்டுக்குத் திரும்பவில்லை.

"அதை மட்டும் வாசிக்காத" என்றார் அவர். மூச்சு முட்டியது. "அது பொய்யா இருக்கு."

இன்னும் பதினஞ்சு நாள், மூக்குக்கு வந்துவிடும் என்று தையல்காரி கீழே இருந்து கணக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு மிஷின் முன் உட்கார்ந்து அழுதாள்.

ஏழுகம்பி அன்று அழவில்லை. மறுநாள் காலை அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிவிட்டு, தையல்காரியை மேலே உட்காரவைத்துவிட்டு, பேருந்து நிறுத்துமிடத்துக்குப் போனாள். கூட்டாளியின் மனைவி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். சவ அடக்கத்துக்குப் பிறகு இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை; பார்த்தால் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை, அதனால் தெரு மாறி நடந்தார்கள். அவள் காக்கிச் சட்டையில் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேருந்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வரணும். அவர் தரைக்குள்ள போயிட்டிருக்கார்" என்றாள் ஏழுகம்பி.

பேருந்துக்காரி துடைப்பதை நிறுத்தவில்லை. "எதுவரைக்கும்?"

"நெஞ்சுவரைக்கும்."

"நானும் போனேன். முதல் மாசம். அடுப்படியில, முழங்கால் வரைக்கும்" என்றாள் பேருந்துக்காரி, காய்ச்சல் வந்ததைச் சொல்வதுபோல.

"எப்படி வெளிய வந்தீங்க?"

"எங்க வந்தேன்? காலையில ஏழு மணிக்குப் புள்ளைங்க ரோட்டோரம் நிக்குமே, பஸ் எடுக்கணுமேன்னு அப்படியே நடக்க ஆரம்பிச்சேன். பாருங்க, இன்னும் முழுசா வரல." ஏழுகம்பி குனிந்து பார்த்தாள். பேருந்துக்காரியின் செருப்புகள் தாரில் ஒரு விரல் ஆழத்துக்கு உள்ளே இருந்தன. அவள் அடுத்த கண்ணாடிக்கு நகர்ந்தபோது தார் வழிவிட்டுப் பின்னால் மூடிக்கொண்டது.

பேருந்தின் காலை நடைக்கும் மாலை நடைக்கும் இடையில் அவளுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. காக்கிச் சட்டையோடு மூன்று மாடி ஏறி வந்தாள். லிஃப்ட்காரருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அப்போது இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. அவர் ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பார்க்க வேறு இடம் இல்லாமல்போன பிறகு அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு மேல போக வேண்டிய முறை என்னோடது" என்றார். ஏழுகம்பிக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. "பல்வலி. உயிர் போச்சு. 'நீ போடா'ன்னு நான்தான் அனுப்பினேன். விசாரணையில யாரும் அதைக் கேக்கல. நானும் சொல்லல."

பேருந்துக்காரி மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள். பிறகு, "அந்தப் பல்லை எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"இன்னும் வலிக்குதா?"

"ம்."

"இவ்வளவு நாளும் அந்தப் பல்லை வச்சுக்கிட்டா இருக்கீங்க?" அவள் குரல் உடைந்தது, உடைந்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குத் தெரியும்ணா. மேல ஏறறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணாரு. 'அவன் கன்னம் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடக்கு, இன்னைக்கு ரெண்டு பேர் வேலையும் நான்தான்'னு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டேதான் போனாரு. நீங்க போயிருக்கணும்னு நான் நினைக்கலியான்னு கேட்டா, நினைச்சேன். நிறைய நாள் நினைச்சேன். கோவம் இருக்கு. உங்க மேலதானான்னு எனக்கே தெரியல. ஆனா நீங்களும் இப்படி உள்ள போயிட்டா, அந்தக் கோவத்தை நான் யாருகிட்ட வந்து கொட்டுவேன்? அவரைத் தெரிஞ்ச மனுஷன் வேற யார் இருக்கா?"

லிஃப்ட்காரர் அழுதார். நெஞ்சு தரைக்குள் இருந்ததால் அழுகை வெளியே வரச் சிரமப்பட்டது. தையல்காரி கீழே திரை நடுங்குவதைப் பார்த்தாள். மறுநாள் காலை அவள் ஸ்டூலில் ஏறியபோது சாக்கட்டிக் கோடு முந்தைய நாள் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மறுநாளும். இறக்கம் நின்றுவிட்டது. ஏற்றம் மட்டும் இல்லை.

ஏழுகம்பி நோட்டில் எழுதிவைத்திருந்த சுருதிகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முழு மத்தியானமும் பார்த்தாள். எல்லாவற்றிலும் அந்தத் தாழ்ந்த ஸ்வரத்தை அவள் நடுக்கம்பிகளில்தான் வைத்திருந்தாள், வழக்கம் அதுதான். அதற்குக் கீழே திடமான ஸ்வரங்களை முட்டுக்கொடுத்து, அது ஆடாமல் நிற்கும்படி செய்திருந்தாள். இவரோ அத்தனைக்கும் அடியில் கிடந்தார். அடியில் கிடப்பவருக்கு நடுவிலிருந்து ஒரு கயிறு போட்டால் எட்டிப் பிடிப்பார், கை வலித்ததும் விட்டுவிடுவார். அவள் மறுபடி இ மைனர் வைத்தாள். வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஏழாவது கம்பியை நாலு அரை ஸ்வரம் இறக்கி, மூன்றாவது கம்பி பேசும் அதே ஸ்வரத்துக்குக் கொண்டுவந்தாள். இப்போது அந்தத் துக்க ஸ்வரமே அஸ்திவாரம். மற்றவை அதன் மேல் நின்றன.

ஆனால் கம்பி அவ்வளவு இறக்கத்துக்குத் தாங்கவில்லை. துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்து, ஸ்வரமே பிடிபடவில்லை. குழுவில் பழைய பேஸ் கம்பி ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்து கோர்க்கப் பார்த்தால் முறுக்காணியின் துளைக்குள் நுழையவில்லை. அவள் கத்தி முனையால் துளையைச் சுரண்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர், "அதைக் கெடுத்துடாத. இங்க குடு. என் பையில வட்ட அரம் இருக்கும், சின்னது, எடு" என்றார். தரைக்குள் இறங்கிய பிறகு அவராக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சுக்கு மேலே இரண்டு கைகளும் வெளியே இருந்தன. கிட்டாரின் கழுத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, துளையை அரம் போட்டு அகட்டினார். பித்தளைத் தூளை ஊதினார். கம்பி உட்காரும் பள்ளத்தையும் இரண்டு இழுப்பில் பெரிதாக்கினார். கம்பியைத் தானே கோர்த்து முறுக்கிக் கொடுத்துவிட்டு, "இப்பப் பாரு" என்றார்.

அவள் ஏழாவது கம்பியைத் தனியாக ஒரு முறை மீட்டினாள், பிறகு மற்ற ஆறையும் அதன் மேல் விட்டாள். ஓசை காதுக்கு வருவதற்கு முன் தரைக்கு வந்தது. இரண்டாம் மாடியில் மேஜை மேல் இருந்த கத்தரிக்கோல் தானாகத் திறந்தது. லிஃப்ட்காரர் ஒரு விரற்கடை மேலே வந்தார். ஓசை அடங்கியது. கீழே தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கவில்லை.

இறங்க எத்தனை நாள் ஆயிற்றோ, ஏறவும் ஏறக்குறைய அத்தனை நாள் ஆயிற்று. பேருந்துக்காரி மத்தியான இடைவெளியில் தினமும் வந்தாள். சில நாள் கேட்டுவிட்டுப் போனாள், சில நாள் சண்டை போட்டுவிட்டுப் போனாள். கூட்டாளி ஒரு தடவை ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே தன்னைத் தானே பூட்டிக்கொண்டு, வெளியே யாரும் இல்லாததால் உள்ளே இருந்தபடி மேலதிகாரிக்கே போன் செய்து லிஃப்ட் பழுது என்று புகார் கொடுத்த கதையை லிஃப்ட்காரர் சொன்ன நாளில் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மூன்று விரற்கடை ஏறிவிட்டது. இடுப்பு வெளியே வந்ததும் பல் மருத்துவர் வீட்டுக்கே வந்து பல்லைப் பிடுங்கினார். கடைசி நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் குதிகாலைத் தூக்கி ஓரடி வைத்தார். கம்பளி உறையில் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தரையில் குழி இல்லை. பொறியாளர் மறுபடி வந்து தட்டிப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று எழுதினார். அடுத்த மாதம் லிஃப்ட்காரர் வேலைக்குத் திரும்பினார். கூண்டின் தலையில் இப்போதெல்லாம் அவரே ஏறுகிறார். புதுக் கூட்டாளி கீழே நிற்கிறார். நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றால் லிஃப்ட்காரரின் செருப்பு கொஞ்சம் உள்ளே போகும். "அண்ணே, நகருங்க" என்பார் கூட்டாளி. அவர் நகர்ந்துகொள்வார்.

ஏழுகம்பி அந்தச் சுருதியைத்தான் ஹோட்டலிலும் வாசிக்கிறாள். அங்கே முதலில் ஆட்சேபித்தார்கள், சாப்பிடுகிறவர்கள் அழுதுவிடப் போகிறார்கள் என்று. யாரும் அழவில்லை. இன்னும் ஒரு தட்டு கேட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெகுநாளாகப் பேசாதவர்களுக்குப் போன் செய்துகொண்டே படியிறங்கிப் போனார்கள். ஹோட்டல்காரர்கள் அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை தையல்காரிக்கு அவளுடைய மூத்த அக்கா இறந்துபோன செய்தி வந்தது. மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். நின்ற இடத்தில் கணுக்கால் வரை இறங்கினாள். யாரும் பொறியாளரைக் கூப்பிடவில்லை, இழுத்துப் பார்க்கவும் இல்லை. லிஃப்ட்காரர் அவள் உட்கார ஒரு உயர முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். பேருந்துக்காரி மத்தியானம் வருவதாகச் சொல்லி அனுப்பினாள். ஏழுகம்பி கிட்டாரை எடுத்துக்கொண்டு ஒரு மாடி கீழே வந்தாள். முதல் மாடியில் கடிகாரம் பழுது பார்க்கும் தம்பதி குடியிருந்தார்கள். ஆறாம் நாள் காலை அவர்கள் கூரையில் இரண்டு உள்ளங்கால்கள் தெரிந்தன. கடிகாரக்காரர் ஃபேனை நிறுத்திவிட்டுக் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தினார். அவர் மனைவி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "வாங்கக்கா" என்றாள்.